தேய்க்காதேங்கோ: மகளின் பழுப்புப் புள்ளிகளோடு ஐந்து வருடம்

முதல் புள்ளியை மகளின் மூன்றாம் மாதத்தில் கண்டேன். இடது தோளுக்குக் கீழே, உளுந்து அளவில், மண் நிறத்தில் ஒன்று. மார்கழி மழை, வீட்டைச் சுற்றித் தண்ணீர், நுளம்புக்குக் குறைவில்லை. கடித்த தடம் என்று நினைத்து வலையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். தை பிறந்து பொங்கியும் முடிந்தது, அந்தத் தடம் போகவில்லை. பக்கத்தில் இரண்டு, முதுகில் நாலு என்று கூடிக்கொண்டு வந்தது. சித்திரையில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், அப்போது நாற்பதுக்கு மேல்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பாதிப் பேர் கிரந்தி, அதாவது சாப்பாடு ஒவ்வாமல் வருகிற தோல் வருத்தம் என்றார்கள். ஒரு பெரியம்மா கொப்பளிப்பான் (அம்மை) வந்து மாறின அடையாளம் என்றார், மூன்று மாதப் பிள்ளைக்கு எப்போது வந்து எப்போது மாறியது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நாவூறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டதும் நடந்தது.

இதில் நான் கவனித்தும் விளங்கிக்கொள்ளாத ஒரு விஷயம் இருந்தது. மாமிதான் பிள்ளையைக் குளிக்க வார்ப்பார். கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலில் குப்புறப் போட்டு, நல்லெண்ணெய் பூசி, பயற்றமாவால் முதுகை உருட்டி உருட்டித் தேய்ப்பார். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தவர்கள். தேய்த்து முடித்துத் துவாயில் சுற்றிக் கையில் தரும்போது முதுகில் இருந்த புள்ளிகள் எல்லாம் தடித்திருக்கும். தட்டையாக இருந்தது அரை அங்குல அகலத் தடிப்பாகி, சுற்றிவரத் தோல் பொங்கியிருக்கும். பிள்ளை நெளிந்து நெளிந்து அழும். அரை மணித்தியாலத்தில் வடிந்துவிடும். நான் மாவைத்தான் சந்தேகப்பட்டேன். கடை மாவை விட்டு வீட்டில் திரித்தோம், பிறகு கடலை மா, பிறகு சவர்க்காரம். எதைப் போட்டாலும் அதே கதை. தேய்த்த கையில்தான் விஷயம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு இடத்தில் சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் கழுத்துக்குக் கீழே பூசும் மருந்து தந்தார்கள். மூன்று இரவு பூசினோம். பிள்ளைக்கு எரிந்ததுதான் மிச்சம். சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன், பூச்சிக்கடிதான், சிரங்குதான் வழக்கமாக வருவது, அவர் வழக்கமானதைச் சொன்னார். ஆனால் சிரங்கென்றால் வீட்டில் இன்னொருவருக்காவது கடிக்க (அரிக்க) வேண்டாமா என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம். புள்ளி மாதக் கணக்கில் அதே இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். பூச்சிக்கடி வரும், போகும். இது போகாது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் சரியாகச் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒன்பதாம் மாதம் தோல் டொக்டரிடம் போனோம். அவர் பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லி முழு உடம்பையும் பார்த்தார், தலைமயிரை விலக்கியும் பார்த்தார். பிறகு நாக்கை அமர்த்திப் பார்க்கிற அந்தத் தடியை எடுத்து, முதுகில் ஒரே ஒரு புள்ளியின் மேல் மெதுவாக ஐந்து தரம் இழுத்துவிட்டுச் சும்மா இருந்தார். நாங்களும் சும்மா இருந்தோம். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தப் புள்ளி மட்டும் எழும்பி நின்றது, பக்கத்துத் தோலில் ஒன்றுமில்லை. என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். “எங்கட நிறத்தில சிவப்பு வடிவாத் தெரியாது அம்மா, தொட்டுத்தான் பார்க்க வேணும்.” டாரியர் குறி என்று அதற்குப் பெயராம். இணையத்தில் நான் இரவிரவாகப் பார்த்த படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவந்த தடிப்புகள். என் பிள்ளையின் தோலில் அப்படி ஒன்றைக் காணாததால்தான் இந்த நோயின் பெயரைக் கண்டும் தாண்டிப் போயிருக்கிறேன்.

இதை வாசித்துவிட்டு வீட்டில் தேய்த்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வேண்டாம். தனியாகப் பெரிதாக ஒரு கட்டி மாதிரி இருக்கிறதைத் தேய்த்தால் உடம்பு முழுக்கச் சூடேறி இரத்த அழுத்தம் இறங்கலாம். அது டொக்டர் செய்கிற வேலை.

நோயின் பெயர் மாஸ்டோசைட்டோசிஸ். மாஸ்ட் செல் என்பது எல்லோருடைய தோலிலும் குடலிலும் இருக்கிற ஒரு பாதுகாப்புச் செல். உள்ளே ஹிஸ்டமின் முதலான சாமான்களைக் குட்டிக் குட்டிப் பொதிகளாக நிறைத்து வைத்திருக்கும், ஆபத்து என்று கண்டால் பொதியை உடைத்துக் கொட்டும். கடியும் தடிப்பும் அதனால்தான். என் மகளின் தோலில் அந்தச் செல்கள் சில இடங்களில் அளவுக்கு மீறிக் கூடிவிட்டன. அந்த இடங்கள்தான் பழுப்புப் புள்ளிகள். கூடியிருக்கிற இடத்தில் உரசினால், சூடு பட்டால், காய்ச்சல் வந்தால் எல்லாம் சேர்ந்து கொட்டுகின்றன. ஒவ்வாமை மாதிரித் தெரியும், ஆனால் ஒவ்வாத பொருள் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. துவாயே போதும்.

1869இல் இங்கிலாந்தில் நெட்டில்ஷிப் என்ற மருத்துவர் இப்படிப் புள்ளிகளோடு வந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது மாஸ்ட் செல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1878இல் ஜெர்மனியில் பால் ஏர்லிக் அந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தார், கொழுக்கத் தீனி போடுவது என்ற பொருள் வரும் சொல்லால். உள்ளே நிறைந்து கிடந்த பொதிகளைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்ட செல் என்று நினைத்தாராம். அது பிழையான எண்ணம், ஆனாலும் எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. வீட்டில் இப்போதும் “கொழுத்தது எழும்பீட்டுது” என்றுதான் சொல்லுவோம்.

பிள்ளைகளுக்குத் தோலில் வருவது மூன்று மாதிரி. எங்கள் மகளுக்கு வந்ததுபோலப் பல புள்ளிகளாக வருவதுதான் அதிகம். சில பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ தடித்த கட்டி மட்டும். மூன்றாவது அரிது: புள்ளி என்று தனியாக இல்லாமல் முழுத் தோலுமே தடித்து, கொப்புளம் கொப்புளமாகப் போடும். அந்தப் பிள்ளைகளைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நான் இனிச் சொல்லப் போவது முதல் வகையின் அனுபவம். மூன்றாவது வகைக்கு இதை அப்படியே எடுக்காதீர்கள்.

உறுதிப்படுத்தச் சின்னத் துண்டு தோல் எடுத்து அனுப்பினார்கள். இரத்தமும் எடுத்தார்கள், அது கொழும்புக்குப் போய் வந்தது. டிரிப்டேஸ் என்று ஒரு அளவு பார்ப்பார்கள், மாஸ்ட் செல் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மட்டாகக் காட்டும். மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்கு மேல் என்றால் உள்ளுறுப்புகளையும் யோசிப்பார்கள். மகளுக்கு ஒற்றை இலக்கம். வயிற்றை அமர்த்தி ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். எலும்பு மச்சை எடுப்பார்களோ என்று பயந்துபோய்க் கேட்டேன், பிள்ளைகளில் பெரும்பாலும் தோலோடு நிற்கிற வருத்தம், காரணமில்லாமல் ஊசி குத்த மாட்டோம் என்றார். அன்று இரவுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் விசாரணை தொடங்கியது. வயிற்றில் இருக்கும்போது நண்டு சாப்பிட்டாயோ? கிரகணத்தில் வெளியே போனாயோ? உங்கட பக்கத்தில ஆருக்கும் இருந்ததோ? டொக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன்: கிட் என்று ஒரு மரபணு, அதில் ஒரு எழுத்துப் பிழை, பெரும்பாலும் அது பிள்ளை உருவான பிறகு அதன் உடம்பில் சில செல்களில் மட்டும் நேர்வது, தாய் தகப்பனிடமிருந்து வருவது மிக அரிது. மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் “அப்ப பரம்பரைதானே” என்று முடித்துவிட்டார்கள். சரி, விட்டுவிட்டேன். இதை வாசிக்கிற தாய்மாருக்கு மட்டும் சொல்கிறேன், நீங்கள் தின்ற ஒன்றாலும் இது வரவில்லை.

இனி என் பிழை. பதினாலாம் மாதம் மகளுக்குக் காய்ச்சல், 39 பாகை. பின்னேரம் பக்கத்தில் இருந்த ஒரு இடத்துக்குக் கொண்டு ஓடினோம். சனம் நிறைய. டொக்டர் கேட்டதற்கு எல்லாம் பதில் சொன்னேன், இந்த வருத்தத்தைச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. பனடோலோடு (பரசிட்டமோல்) ஐபுபுரூஃபன் பாணியும் எழுதினார். வீட்டுக்கு வந்து கொடுத்து இருபது நிமிடம் இருக்கும், முதுகில் இருந்த எல்லாப் புள்ளியும் ஒன்றாக எழும்பின. முகமும் காதும் கொதித்தன, நிறம் செம்பாக மாறியது. சத்தி எடுத்தாள். பிறகு தோளில் துவண்டு விழுந்தாள். அந்தத் துவளலை எழுத வராது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ஊசி போட்டு, இரவு முழுக்கப் பார்த்தார்கள். விடிய எழும்பிப் பாணும் வாழைப்பழமும் கேட்டாள்.

காய்ச்சலே இந்தச் செல்களைக் கிளப்பும், ஆகவே மருந்து மட்டும்தான் காரணம் என்று ஒருவரும் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் அன்றிலிருந்து கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: நோயின் பெயர், கவனிக்க வேண்டிய மருந்துகள், கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்ன மருந்துகள். ஐபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் ஆகிய மூன்றும் முதல் வரியில். மலவாசலில் வைக்கிற காய்ச்சல் குளிசையிலும் டைக்குளோஃபெனாக் இருக்கலாம், பலருக்கு அது தெரியாது. கோடீன் உள்ள இருமல் மருந்தும் மோர்பின் மாதிரியான நோமருந்துகளும் அடுத்த வரி. டெக்ஸ்ட்ரோமெதோர்பன் என்று இருமல் பாணிப் போத்தலில் சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். ஸ்கானுக்கு ஏற்றுகிற சாயமும் மயக்க மருந்தும் கடைசி வரி. சத்திரசிகிச்சை என்று ஒன்று வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும், தடை இல்லை, அவர் மருந்தைத் தெரிந்தெடுப்பார். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் ஒவ்வாது என்றில்லை, முன்பே கொடுத்துப் பழகி ஒன்றும் செய்யாவிட்டால் டொக்டர் அதை விட்டுவிடுவார். எங்களுக்குப் பனடோல் சரி. டெங்குக் காலத்தில் இங்கே எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறு கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், ஆகவே இந்த விதியை வீட்டில் விளங்கப்படுத்துவது சுலபமாக இருந்தது.

சாப்பாட்டில் நான் செய்ததும் பிழைதான், ஆனால் எதிர்ப்பக்கப் பிழை. பெயர் தெரிந்த உடனே இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி, முட்டை, அன்னாசி எல்லாவற்றையும் நிறுத்தினேன். கிரந்திப் பட்டியல் பாதி, இணையப் பட்டியல் பாதி. பிள்ளை சோறும் பருப்பும் தின்று நிறை கூடாமல் நின்றது, மிட்வைஃப் வளர்ச்சிக் கோட்டைக் காட்டி முகத்தைச் சுளித்தார். டொக்டர் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். எந்த நாள், என்ன நேரம், புள்ளி எழும்ப முதல் என்ன நடந்தது என்று மட்டும் எழுதச் சொன்னார். நாலு மாதக் கொப்பியைப் புரட்டினால் சாப்பாடு இரண்டே தரம், அதுவும் ஆவி பறக்கிற உறைப்புக் கறி. மிச்சம் எல்லாம் வெயில், குளிப்பு, உரசல், அழுகை, பல் முளைத்தது. முட்டையும் இறாலும் திரும்ப வந்தன. கூழ் மட்டும் ஆற வைத்து, தூள் குறைத்துக் கொடுக்கிறேன், மாமிக்கு அது கூழே இல்லை.

கை வைக்காமல் இருப்பதுதான் பாதி வைத்தியம் என்று எனக்கு அந்தக் கொப்பி சொன்னது. இது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. இங்கே பாசம் என்றாலே பூசுவது, தேய்ப்பது, உருவிவிடுவதுதான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டு வருகிறவரிடம் வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். மாமியிடம் நான் சண்டை பிடிக்கவில்லை, டொக்டர் என் விரலைப் பிடித்தமாதிரி அவர் விரலைப் பிடித்துக் குளித்த பின் முதுகில் வைத்தேன். “உது என்ர கையாலயோ பிள்ளை வாறது?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி வெயிலில் கொஞ்சம் வைத்து, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வார்த்து, துவாயால் ஒற்றி எடுக்கிறார். மாவும் இல்லை, எண்ணெய் உருவலும் இல்லை. கீரிமலைக் கேணியில் ஒருமுறை இறக்கினோம், வெயிலில் நின்றுவிட்டுக் குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் எழும்பியது. திடீர் மாற்றம் எதுவும் ஆகாது.

அரைஞாண் கொடியைக் கழற்றினோம், இடுப்பில் கொடி உரசும் கோட்டில்தான் புள்ளிகள் எப்போதும் கோபமாக இருந்தன. கழுத்தில் போட்ட பஞ்சாயுதம் அலுமாரிக்குள். சட்டைக் கழுத்தில் தைத்து வருகிற கம்பெனித் துணியை வெட்டிவிட்டுத்தான் போடுவேன். மொட்டை நேர்த்திதான் பெரிய பிரச்சினை. தலையிலும் புள்ளி இருக்கிறது, சவர அலகு அதன் மேல் இழுபட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. கடைசியில் கத்திரிக்கோலால் ஒரு பிடி மயிர் வெட்டிச் செலுத்தினோம். சாமி கோபிக்கவில்லை, சனம்தான் கோபித்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு விடிகாலைப் பூசைக்குக் கொண்டுபோய் வெயில் ஏற முதல் திரும்பிவிடுவோம், தேரன்று போக மாட்டோம்.

மருந்து என்று பார்த்தால் ஹிஸ்டமினைத் தடுக்கிற செட்டிரிசின் பாணிதான். முதல் இரண்டு வருடம் நாளாந்தம், இப்போது தேவைக்கு. அது கடியைக் குறைக்கும், புள்ளியை அழிக்காது. அழிக்கும் என்று எண்ணித்தான் நான் மூன்றாம் வாரமே “வேலை செய்யேல்லை” என்று நிறுத்திவிட்டுப் பிறகு ஏச்சு வாங்கினேன்.

தடுப்பூசி பற்றி ஒன்று. பன்னிரண்டாம் மாதத்து ஊசியைப் பயத்தில் நான் ஆறு வாரம் தள்ளிப் போட்டேன். அது தேவையில்லாத வேலை. இந்தப் பிள்ளைகளுக்கும் ஊசி போடத்தான் வேண்டும், வருத்தத்தை முன்கூட்டியே சொல்லி, தேவையென்றால் முதலில் செட்டிரிசின் கொடுத்து, போட்ட பின் கூடுதல் நேரம் இருந்து பார்த்துவிட்டு வரலாம். எங்களுக்குப் பதினெட்டாம் மாத ஊசியை ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டார்கள், இரண்டு மணித்தியாலம் இருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது இது: புள்ளி எழும்புவது அவசரம் இல்லை. முகம் கொதித்துச் சத்தியும் வந்தால், மூச்சு இழுத்தால், துவண்டால், உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும் (மூச்சு இழுத்தால் இருக்க விடலாம், சத்தி வந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும்), நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, வாகனத்திலும் படுக்கையாகவே. முன்பு ஒருமுறை இப்படி ஆன பிள்ளைக்கும் கொப்புளம் போடுகிற பிள்ளைக்கும் அட்ரினலின் ஊசி கைவசம் வைப்பது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். முசுறு, குளவி கடித்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். எங்கள் முற்றத்து மாமரத்தில் முசுற்றுக் கூடு கண்டால் இவர் அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுவார்.

முன்பள்ளியில் சேர்த்த முதல் வாரம் ஒரு தாய் ரீச்சரிடம் “இது ஒட்டுமோ” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒட்டாது. ஒட்டவே ஒட்டாது. மகளின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக் காட்டினேன், ஐந்து வருடமாக ஒரே பாயில் படுக்கிறேன் என்றேன் (உண்மையில் அப்போது மூன்றரை வருடம்). ரீச்சர் கெட்டிக்காரி, அடுத்த நாள் பிள்ளைகளுக்குச் சிறுத்தையும் புள்ளிமானும் கீறிக் காட்டினாவாம். மகள் வந்து தான் புள்ளிமான் என்றாள்.

இரண்டு வயது வரை புள்ளி கூடியது. அது பயப்பட வேண்டியதில்லை என்று முதலே யாராவது சொல்லியிருக்கலாம். மூன்றுக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. வயிற்றில் இருந்தவை இப்போது சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரிகின்றன, முதுகில் இன்னும் இருக்கின்றன, ஆனால் தேய்த்தாலும் முன்புபோல் எழும்புவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதுக்குள் மங்கிவிடும் அல்லது நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு நிற்கும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கை விடுவதில்லை.

தையில் முதலாம் வகுப்பு. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், கழுத்துப் பட்டியை உள்ளே மடித்து மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லி. கழுத்தில் ரை கட்டாயமோ, இடைப்பட்டியைத் தளர்வாக விடலாமோ, விளையாட்டு நேரம் வெயிலில் எவ்வளவு நிற்க வேண்டும் என்றெல்லாம் அதிபரிடம் கேட்க நாலு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். மகள் ஐந்தாவது ஒன்று சேர்த்திருக்கிறாள்: தண்ணீர்ப் போத்தல் மஞ்சள் நிறத்தில் கொண்டுபோகலாமா என்று.